எண்ணெய்க் கிணற்றை மூடும் செலவு யார் தலையில்?

செந்தூல்வாசி
4 ஜூன், இரவு 9.40

கைவிடப்பட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை மூட அமெரிக்க அரசு 470 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. கனடா சுமார் 170 கோடி கனடிய டாலர் கொடுத்தது. என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் எடுத்து லாபம் பார்த்தவன் ஒருவன், குழியை மூடுவது வரி கட்டும் மக்கள். இதைத் துப்புரவுத் திட்டம் என்று அழைப்பதே தவறு, கம்பெனிகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு இது. துறையில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் மறுத்துப் பேசுங்கள். நம் மலேசியாவிலும் ஒருநாள் இதே கதைதானா?

கெர்த்தே மூத்தவன்
4 ஜூன், இரவு 11.15

தம்பி, கோபம் நியாயம். ஆனால் அமெரிக்காவையும் கனடாவையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி கிணற்றுக்குள் சிமென்ட் இறக்கும் வேலையில் போனது. திரங்கானுவின் எண்ணெய் நகரான கெர்த்தேயிலிருந்து ஹெலிகாப்டரில் கடலுக்குப் போய் வந்தவன். இப்போது கோலாலம்பூரில் பணி ஓய்வு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் 470 கோடி டாலர், 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டத்தில் வந்தது. அது பெரும்பாலும் உரிமையாளரே இல்லாத கிணறுகளுக்கான பணம். முதலில் தோண்டிய பெரிய நிறுவனம் நல்ல எண்ணெயை எடுத்துவிட்டு அடுத்தவனுக்கு விற்றது. அவன் இன்னும் சிறியவனுக்கு விற்றான். கடைசியாக வாங்கியவன் நாளுக்கு ஒன்றிரண்டு பீப்பாய் எடுத்துக்கொண்டிருந்து, விலை விழுந்ததும் நொடித்துப் போனான். இன்று அந்தக் கம்பெனி இல்லை, கிணறு மட்டும் இருக்கிறது. மீத்தேன் கசிகிறது, உப்பு நீர் மேலே வருகிறது, பக்கத்து வீட்டுக் குடிநீர்க் கிணற்றில் எண்ணெய் வாடை அடிக்கிறது. அந்த வீட்டுக்காரரிடம் போய், "குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகு மூடுகிறோம்" என்று சொல்ல முடியுமா? மூடத்தான் வேண்டும்.

உங்கள் கோபம் சரியாக விழ வேண்டிய இடம் வேறு. கம்பெனி ஓடிப்போனால் மூடுவதற்கென்று முன்கூட்டியே பிணைத்தொகை வாங்குவார்கள். அமெரிக்க மத்திய அரசின் நிலத்தில் ஒரு குத்தகைக்குக் குறைந்தபட்சப் பிணை 10,000 டாலராக இருந்தது. இது 1960இல் வைத்த தொகை. 2024இல்தான் அதை 150,000 டாலராக உயர்த்தி விதி வெளியிட்டார்கள். 1960இல் பத்தாயிரம் டாலருக்கு என்ன வாங்க முடிந்தது, 2023இல் என்ன வாங்க முடிந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிணற்றை அடைக்க மட்டும் இடைநிலைக் கணக்கில் 20,000 டாலர், மேற்பரப்பையும் பழையபடி சீர்செய்தால் 76,000 டாலர் என்று 2021இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆழம் கூடக் கூடச் செலவும் ஏறும். சிக்கலான கிணறு என்றால் பத்து லட்சம் டாலரைத் தாண்டும். ஒரு குத்தகையில் பல கிணறுகள் இருக்கும். பத்தாயிரத்தை விட்டுவிட்டு ஓடுவது அவனுக்கு லாபமான முடிவு.

இங்கே கோலாலம்பூரில் வாடகைக்கு வீடு எடுத்தால் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கட்டாமல் சாவி கையில் வருமா? நிலத்துக்கு அடியில் ஓட்டை போடுகிறவனிடம் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த அளவு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை.

கெர்த்தே மூத்தவன்
5 ஜூன், காலை 7.05

நேற்று எழுதாமல் விட்டது: 470 கோடியும் ஒரே நாளில் கைமாறவில்லை. 2022 ஆகஸ்டில் முதல் தவணையாக 24 மாநிலங்களுக்கு 56 கோடி டாலர் அறிவித்தார்கள். மீதி, மாநிலம் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் பணம்.

செந்தூல்வாசி
5 ஜூன், பகல் 1.20

ஐயா, பிணைத்தொகை விஷயம் புரிந்தது. ஆனால் ஒரு குழியில் சிமென்ட் கொட்டுவதற்கு 76,000 டாலரா? அதிலும் ஒரு கொள்ளை நடப்பதுபோல் தெரிகிறதே. மொத்தம் எத்தனை கிணறுகள்?

கெர்த்தே மூத்தவன்
5 ஜூன், இரவு 10.50

எண்ணிக்கை: உரிமையாளர் இல்லை என்று மாநிலங்கள் பட்டியலிட்டு வைத்திருப்பவை 120,000க்கு மேல். எண்ணெய் எடுப்பதை நிறுத்திய பழைய கிணறுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 30 லட்சத்துக்கும் மேல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிடுகிறது. அவற்றில் பாதிக்கு மேல் அடைக்கப்படாதவை. பத்திரிகையில் ஒருநாள் முதல் எண் வரும், மறுநாள் இரண்டாவது எண் வரும். 470 கோடி முதல் எண்ணுக்கே போதாது.

இனி, கொட்டுவது. கொட்டுவதில்லை, தம்பி.

கிணறு என்பது ஒரு குழாய் இல்லை. பெரிய குழாய்க்குள் சிறிய குழாய், அதற்குள் இன்னும் சிறியது. கேசிங் என்போம். கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவில் சிமென்ட் வளையம் இருக்கும், அல்லது இருக்க வேண்டும். மூட வரும்போது முதலில் கனமான திரவத்தை ஏற்றிக் கிணற்றின் அழுத்தத்தை அடக்க வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் உற்பத்திக் குழாயை உருவ வேண்டும். இருபது முப்பது ஆண்டு உப்பிலும் அரிப்பிலும் கிடந்த குழாய் நாம் இழுத்ததும் வந்துவிடாது, நடுவில் அறுந்து போகும். அறுந்ததைத் தேடிப் பிடிக்கவே நாட்கணக்கில் ஆகும். வெளிச் சிமென்ட் பாறையைப் பிடித்திருக்கிறதா என்று ஒலிக்கருவி இறக்கிப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கேசிங்கைத் துளைத்து, துளை வழியாக வெளியே சிமென்ட்டை அழுத்தி ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணெய் வந்த மட்டத்துக்குக் குறுக்கே ஓர் அடைப்பு, நிலத்தடி நீர் மட்டத்தைக் காக்க ஓர் அடைப்பு, மேலே ஓர் அடைப்பு. ஒவ்வோர் அடைப்பும் இறுகும்வரை காத்திருந்து, மேலே குழாயை இறக்கி எடையை ஏற்றி, தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். கடைசியில் கேசிங்கைத் தரைக்குக் கீழே, கடலென்றால் கடலடி மண்ணுக்குக் கீழே, வெட்டி எடுக்க வேண்டும். துளைக்கும் எந்திர மேடையான ரிக்கின் நாள் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். செலவு அங்கேதான்.

திரங்கானு கடலில் ஓர் இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடைப்பு வைத்து, விதித்த நேரம் காத்திருந்து, குழாயை இறக்கினோம். தாங்க வேண்டிய ஆழத்தில் தாங்கவில்லை. சிமென்ட் இன்னும் இறுகாமல் பச்சையாக இருந்தது. அந்த வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர், "இன்னும் கீழே கெட்டியான பகுதி இருக்கும், ஆழத்தை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். ஒருநாள் தாமதம் என்றால் அவருக்கு எவ்வளவு திட்டு விழும் என்று எனக்கும் தெரியும். எங்கள் குழுத் தலைவர் பேனாவைத் தொடவில்லை. விடிந்து மறுபடி கலந்து மறுபடி இறக்கினோம். அவர் அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கிணறு காகிதத்தில் மூடிய கிணறாகவும், கடலுக்கடியில் மூடாத கிணறாகவும் இருந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. கடலுக்கடியில் வெட்டிப் புதைத்த கிணற்றை யார் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள்?

எந்த அரசுத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மூடிய பிறகு அளந்தார்களா? அமெரிக்கத் திட்டத்தில் மூடுவதற்கு முன்னும் பின்னும் மீத்தேன் அளவை எடுக்கச் சொன்னார்கள். 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு அது. அந்த ஒரு நிபந்தனைக்காகவே அந்தத் திட்டத்தின்மீது எனக்கு மரியாதை உண்டு.

கெர்த்தே மூத்தவன்
6 ஜூன், காலை 6.30

பென்சில்வேனியாவைப் பற்றி எழுதாமல் தூக்கம் வரவில்லை. 1859இல் டைட்டஸ்வில் என்ற ஊரில் டிரேக் தோண்டிய கிணற்றிலிருந்துதான் அமெரிக்க எண்ணெய்த் தொழில் தொடங்கியது. அதற்குப் பிறகு எவ்வளவோ காலத்துக்கு அங்கே பதிவேடும் இல்லை, விதியும் இல்லை. மரக்கட்டை, பாறாங்கல் என்று கையில் கிடைத்ததைத் திணித்து அடைத்தார்கள். பீரங்கிக் குண்டு திணித்த கிணறுகூட உண்டு. இரண்டாம் உலகப் போரில் இரும்புக்காகக் கேசிங்கையே உருவினார்கள். இப்போது காந்தமானியைத் தொங்கவிட்டு டிரோனைப் பறக்கவிட்டுப் பழைய கிணறுகளைத் தேடுகிறார்கள். இரும்பு உள்ள கிணற்றை அது காட்டிக்கொடுக்கும். இரும்பை உருவிய கிணற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? காட்டில் நடந்துதான் தேட வேண்டும்.

பூச்சோங் டீச்சர்
6 ஜூன், மாலை 5.45

ஐயா, நான் இத்துறையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனால் இதைப் படிக்கும்போது பழைய வெள்ளீயச் சுரங்கப் பள்ளங்களில் நீர் தேங்கிய ஈயக்குட்டைகள் நினைவுக்கு வந்தன. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. பிள்ளைகள் குளிக்கப் போய் மூழ்கிய செய்தி வருஷம் தவறாது. அந்தக் குட்டைகளை யார் சுத்தம் செய்தார்கள்? எந்த அரசுத் திட்டமும் இல்லாமலே இன்று அங்கெல்லாம் கடைத்தொகுதியும் வீடுகளும் நிற்கின்றனவே. சந்தையே பார்த்துக்கொள்ளாதா?

கெர்த்தே மூத்தவன்
6 ஜூன், இரவு 11.30

டீச்சர், இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். மாலை முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பேராக்கின் கிந்தாவிலும் சுரங்கங்கள் வரிசையாக மூடின. கோலாலம்பூர்ப் பக்கத்துக் குட்டைகளுக்கு ஒரு நல்லூழ் இருந்தது. நிலத்துக்கு விலை இருந்தது. சன்வே நகர் வந்தது ஈயச்சுரங்க நிலத்தில். சுங்கை பீசியில் ஹொங் ஃபாட் சுரங்கம் இருந்த பள்ளம்தான் இன்று மைன்ஸ் ஏரி. மண் கொட்டி மூடினால் விற்கலாம், நீரை விட்டால் படகு ஓட்டலாம், ஆகவே மேம்பாட்டாளர்கள் வந்தார்கள். பேராக்கில் நெடுஞ்சாலையிலிருந்து பாருங்கள், கிந்தா பள்ளத்தாக்கில் எத்தனை குட்டைகள் அப்படியே கிடக்கின்றன. அதே சுரங்கம், அதே சட்டம், நிலத்தின் விலைதான் வேறு. ஆக, பள்ளம் பெட்டாலிங் ஜெயாவுக்குப் பக்கத்தில் இருந்தால் சந்தை பார்த்துக்கொள்ளும்.

எண்ணெய்க் கிணறு இருப்பது மேற்கு டெக்சாஸ் பொட்டலில், ஆல்பர்ட்டா கோதுமை வயலில், கடலுக்கு நடுவில். மூடிய கிணற்றுக்கு மேல் கடைத்தொகுதி கட்ட யாரும் வரமாட்டார்கள். டெக்சாஸின் பேக்கோஸ் வட்டாரத்தில் கைவிட்ட கிணறுகளிலிருந்து பொங்கிய உப்புநீர் ஏரியாகவே தேங்கி நிற்கிறது, போமர் ஏரி என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. அந்த ஏரிக்கரையில் வீடு வாங்க யார் போவார்?

குட்டைகளின் இன்னொரு மிச்சத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ஈயத்தைப் பிரித்த பிறகு எஞ்சும் அமாங் என்ற கழிவு மணலில் மோனசைட் உண்டு, மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் அதைப் பதப்படுத்திய அரிய மண் ஆலைமீது ஊர்மக்கள் வழக்குப் போட்டு 1992இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு புரண்டது. இருந்தும் ஆலை 1994இல் மூடியது. துப்புரவுச் செலவு சுமார் பத்துக் கோடி அமெரிக்க டாலர் என்று பிற்பாடு செய்தி வந்தது. அங்கே செலவை ஏற்க ஜப்பானிய நிறுவனம் ஒன்று உயிரோடு இருந்தது. அது நொடித்திருந்தால் கழிவு யாருடையது?

செந்தூல்வாசி
7 ஜூன், காலை 9.10

சரி ஐயா, அமெரிக்கா புரிந்தது. கனடா வேறு என்றீர்களே?

கெர்த்தே மூத்தவன்
7 ஜூன், பிற்பகல் 3.00

வேறுதான். அங்கே உங்கள் "அன்பளிப்பு" என்ற சொல்லுக்குப் பெருமளவு நான் கைதூக்குகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஆல்பர்ட்டாவில் அநாதைக் கிணறுகளை, அதாவது உரிமையாளர் இல்லாதவற்றை, மூடவே ஒரு சங்கம் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களிடம் ஆண்டுதோறும் வசூலிக்கும் தீர்வையில் ஓடுகிறது. ரெட்வாட்டர் என்ற சிறு நிறுவனம் 2015இல் நொடித்தபோது, சொத்தைப் பொறுப்பேற்ற நிர்வாகி நல்ல கிணறுகளை விற்றுக் கடன்காரருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அந்தச் சங்கத்தின் தலையில் கட்டப் பார்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2019 ஜனவரி 31 அன்று தீர்ப்பு: துப்புரவுக் கடமையை உதறிவிட்டுக் கடன்காரருக்குப் பங்கு பிரிக்க முடியாது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

அடுத்த ஆண்டே கோவிட். எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு 172 கோடி அறிவித்தது. ஆல்பர்ட்டாவுக்கு 100 கோடி, சஸ்காச்சுவானுக்கு 40 கோடி, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 12 கோடி, அநாதைக் கிணற்றுச் சங்கத்துக்கு 20 கோடி கடன். முக்கிய நோக்கம் வேலைவாய்ப்பு. ரிக் தொழிலாளிகள் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது, அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் ஆல்பர்ட்டாவின் 100 கோடி போன கிணறுகளைப் பாருங்கள். உரிமையாளர் உயிரோடு, லாபத்தோடு இருக்கும் கிணறுகளும் அவற்றில் அடக்கம். சட்டப்படி தன் காசில் மூட வேண்டியவனுக்கு மக்கள் காசு. ரெட்வாட்டர் தீர்ப்பு கதவைச் சாத்தியது, இந்த மானியம் பின்வாசலைத் திறந்துவிட்டது. கடைசியில் செலவாகாமல் 13.7 கோடி மிஞ்சியது. அதை வைத்துக்கொள்ள விடுங்கள் என்று மாநிலமும், திருப்பிக் கொடு என்று மத்திய அரசும் மல்லுக்கட்டின. பூர்வகுடி மக்களின் நிலங்களில் மூட வேண்டிய கிணறுகள் இன்னும் இருந்தபோதுதான் இது.

தொழிலாளிக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதே பணத்தை அநாதைக் கிணறுகளுக்கு மட்டும் கொடுத்திருந்தாலும் அதே தொழிலாளிதான் அதே ரிக்கில் நின்றிருப்பான்.

கெர்த்தே மூத்தவன்
7 ஜூன், இரவு 8.20

நமக்குப் பக்கத்துக் கதையும் ஒன்று. டார்வினுக்கு வடமேற்கே திமோர் கடலில் நார்தர்ன் எண்டெவர் என்ற மிதக்கும் எண்ணெய்க் கப்பல். பெரிய நிறுவனம் அதன் கடைசிக் காலத்தில் சின்னஞ்சிறு நிறுவனம் ஒன்றிடம் கைமாற்றியது. அது 2020 தொடக்கத்தில் முற்றாகக் கலைக்கப்பட்டது. கப்பலும் கிணறுகளும் ஆஸ்திரேலிய அரசின் மடியில் விழுந்தன. அரசு என்ன செய்தது தெரியுமா? 2022இல் சட்டம் போட்டு, கடலில் எண்ணெய் எடுக்கும் எல்லா நிறுவனங்களிடமும் பீப்பாய்க்கு 48 ஆஸ்திரேலிய சென்ட் தீர்வை வைத்தது. விற்றுவிட்டுப் போன பழைய உரிமையாளரையும் திருப்பி அழைத்து மூடச் சொல்லலாம் என்று விதியும் கொண்டுவந்தது. வரி கட்டும் மக்களிடம் போகாமல் தொழிலிடமே வசூலிப்பது, எனக்குத் தெரிந்தவற்றில் நேர்மையான வழி.

பூச்சோங் டீச்சர்
8 ஜூன், காலை 10.00

நம் நாட்டைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே ஐயா. பழைய எண்ணெய் மேடைகளை மீன்களுக்கு வீடாக்குகிறார்கள் என்று படித்தேன், அதுவும் துப்புரவுதானா?

கெர்த்தே மூத்தவன்
8 ஜூன், இரவு 10.10

மீன் வீட்டை முதலில் முடிக்கிறேன். 2004இல் சரவாக்கின் மிரி கடலில் பாராம்-8 மேடையைச் செயற்கைப் பாறையாக விட்டார்கள். பவளம் பிடிக்கும், மீன் வரும், நல்ல காரியம். ஆனால் அது மேடையின் கால்களுக்குச் செய்யும் ஏற்பாடு. அடியில் உள்ள கிணற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிணற்றைச் சிமென்ட் வைத்து மூடிய பிறகுதான் இரும்பைப் பற்றிய பேச்சே.

இனி நாடு. மிரியில் கனடா குன்றின்மேல் நிற்கும் மூதாட்டிக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். 1910இல் எண்ணெய் கண்டது, 1972இல் மூடியது. அந்த வயலில் தரையில் மட்டும் 600க்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டினார்கள், நகரம் அதன்மேலேயே வளர்ந்தது. மற்றபடி நம் எண்ணெய் கடலில்தான். 300க்கு மேற்பட்ட மேடைகள், பலவற்றுக்கு வயது முப்பதைத் தாண்டியாயிற்று.

1974 பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் எண்ணெய் உரிமையைத் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸிடம் வைத்தது. வெளி நிறுவனங்கள் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் வேலை செய்கின்றன. எண்ணெய் வந்துகொண்டிருக்கும்போதே மூடும் செலவுக்கென்று ஒரு தீர்வையைப் பெட்ரோனாஸிடம் கட்டி வருகின்றன. அமெரிக்கா 1960இலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. கிணறு சம்பாதிக்கும் நாளில் காசை எடுத்து வைக்க வேண்டும், கிணறு வற்றிய பிறகு யாரிடம் கேட்பது? ஆக, செந்தூல்வாசி, அமெரிக்கக் கதை அப்படியே இங்கே நடக்காது. ஓடிப்போக முடியாத உரிமையாளர் இங்கே இருக்கிறார்.

அதனாலேயே எனக்கு நிம்மதி வந்துவிடவில்லை. தீர்வைப் பணம் பற்றாமல் போனால் மிச்சத்தைப் பெட்ரோனாஸ் போட வேண்டும். பெட்ரோனாஸ் 2022இல் அரசுக்குக் கொடுத்த ஈவுத்தொகை 5,000 கோடி ரிங்கிட். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடக்கிற காசு அது. மூடும் செலவு கூடினால் அங்கேதான் குறையும். சரவாக்கில் எண்ணெய், எரிவாயு உரிமை யாருக்கு என்று இப்போது பெரிய பேச்சு நடக்கிறது. நான் படிக்கும் நாளிதழ்களில் வருமானப் பங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. மூடும் கடமையின் பங்கைப் பற்றி ஒரு பத்திகூடக் கண்ணில் படவில்லை.

கெர்த்தே மூத்தவன்
9 ஜூன், காலை 6.45

முன்கூட்டி எடுத்து வைத்த காசு எப்படிக் காக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2004இல் ஐவன் சூறாவளியில் மெக்சிகோ வளைகுடாவில் டெய்லர் எனர்ஜி என்ற நிறுவனத்தின் மேடை கடலடி மண்சரிவில் சாய்ந்தது. கிணறுகள் மண்ணுக்கடியில் புதைந்து ஆண்டுக்கணக்கில் எண்ணெய் கசிந்தது. 2008இல் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்திடம் 66.6 கோடி டாலரை அறக்கட்டளையாகத் தனியே வைக்கவைத்தது. சில கிணறுகளை மூடிவிட்டு, மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நிறுவனம் வழக்காடியது. 2021 டிசம்பர் சமரசத்தில் எஞ்சிய 43.2 கோடியும் அரசின் கைக்கு வந்தது, கிணறுகளை மூடுவதற்காக. அந்தப் பணம் கம்பெனியின் பெட்டியில் இருந்திருந்தால் ஒரு காசு பார்த்திருக்க முடியுமா?

செந்தூல்வாசி
9 ஜூன், இரவு 9.30

ஐயா, எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். என்ன கேட்பது?

கெர்த்தே மூத்தவன்
9 ஜூன், இரவு 11.55

எழுதுங்கள். அதிகம் வேண்டாம். மூடுவதற்கென்று வசூலான தீர்வை வயல்வாரியாக எவ்வளவு சேர்ந்திருக்கிறது, மதிப்பிட்ட செலவு எவ்வளவு, இரண்டையும் ஆண்டறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். வயதான வயலைப் பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்துக்குக் கைமாற்றும்போது பெரியவனின் பொறுப்பு தொடர்கிறதா என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் 2023இல் சட்டம் செய்தார்கள்: பழைய கிணற்றை வாங்குகிறவன் அதை மூடி நிலத்தைச் சீர்செய்யும் முழுச் செலவுக்கும் பிணை வைத்தாக வேண்டும். அதையும் மேற்கோள் காட்டலாம். மூடிய கிணறுகளின் மேல் கடலடியில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கசிவு பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்காக.

வரைவை இங்கே போடுங்கள், தொழில்நுட்ப வரிகளை நான் பார்த்துத் தருகிறேன். லாபுவான் பக்கம் கிணறு மூடும் வேலையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கசிவுச் சோதனை அங்கே எப்படி நடந்தது என்று எழுதுங்கள். நான் பார்த்தது திரங்கானு கடலும் கொஞ்சம் மிரியும்தான்.